குட்டிக் கொட்டகைக்கு வந்த கிருமி

குச்சியம்மா அன்றைக்குப் பையைத் திறக்கவே இல்லை. அதைப் பார்த்ததுமே அக்கா கைவேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

வழக்கமாகக் குச்சியம்மா வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகப் பையைத் திறந்து ரப்பர் பூட்ஸை மாட்டுவாள். பூட்ஸுக்கு மேல் வெள்ளைத் துணி உறை ஒன்றை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பன்றிகள் மிதித்த இடத்தையெல்லாம் தானும் மிதித்துக்கொண்டு கொட்டகைக்குள் நடப்பாள். அப்புறம் அந்த உறையை உரித்துப் பையில் போட்டு மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள். தொட்டியோரம், மூலை, சாக்கடை வாய் என்று நீளக் குச்சியால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். அதனால்தான் அந்தப் பேர். கால்நடை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பன்றிகளின் குடலில் இருக்கிற கிருமிகள் எந்த மருந்துக்குச் சாகின்றன, எந்த மருந்துக்குச் சாகாமல் நிற்கின்றன என்று பண்ணை பண்ணையாகப் பார்த்துக்கொண்டு வருவது. வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை இந்தப் பண்ணைக்கும் வருவாள்.

"பன்னிப் பீய மிதிச்சு, மிதிச்சதப் பத்திரமா ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குச் சம்பளம் வேற. நானும் தினம் மிதிக்கிறேன், ஒரு நாய் சீண்டுதா?" என்பான் அக்காவின் தம்பி, அவள் காதில் விழும்படியே.

"நீயும் வாப்பா, உன் பூட்ஸையும் உரிச்சுக்கிட்டுப் போறேன்" என்று சிரிப்பாள் அவள்.

அன்றைக்குச் சிரிப்பு இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. தீனி நேரம் என்பதால் மூன்று கொட்டகையும் அலறிக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. குச்சியம்மா சமையலறை வாசலைக் காட்டி, உள்ளே போய்ப் பேசலாம் என்று கையால் சொன்னாள்.

"ஐயாவையும் கூப்பிடுங்கக்கா."

பண்ணைக்கு வரும் லாரிக்காரரிலிருந்து தீனிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அவள் கணவருக்குப் பேர் ஸ்பீடு. பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால் யாரோ வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, காய்ச்சலா?" என்றாள் அக்கா. கொட்டகை கொட்டகையாகப் பன்றிகளைக் கொன்றுபோடுகிற காய்ச்சல்; பன்றி வளர்க்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், தூக்கம் போய்விடும்.

"இல்லக்கா. பன்னிங்களுக்கு நோய் ஒன்னும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. கிருமிதான்."

"கிருமி இல்லாத குடல் எது?" என்றார் ஸ்பீடு.

"சரிதாங்க. ஆனா குட்டிக் கொட்டகையில எடுத்ததுல ஒன்னு சாக மாட்டேங்குது. ஒவ்வொரு மருந்தா வெச்சுப் பாத்தோம். அசையல. கடைசி மருந்துக்கும் அசையல."

"கடைசி மருந்துன்னா?"

"ஆஸ்பத்திரியில வேற எதுவும் கேக்காதவங்களுக்கு நரம்புல ஏத்துவாங்களே, அது. அதுவும் கேக்கலேன்னா டாக்டருங்க கையப் பிசஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நாங்கதான் எந்த மருந்தும் கலக்கறதில்லையே! தீனியிலயும் இல்ல, தண்ணியிலயும் இல்ல. ஊரே சிரிச்சுது எங்களப் பாத்து. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதான் எனக்கும் புரியல. இந்த மருந்த யாரும் பன்னிக்குப் போடறதே இல்ல. நான் போற எந்தப் பண்ணையிலயும் இதப் பாத்ததில்ல. எங்க பக்கம் ஏதாவது தப்பு நடந்திருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு மறுபடி மறுபடி செஞ்சு பாத்தேன். அதேதான் வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. மருந்து போட்டுப் பழகினாத்தான் கிருமி இப்படி நிக்கும். குட்டிங்களுக்கு யாராவது ஊசி கீசி போட்டாங்களா?"

சமையலறை ஜன்னல் வழியாக, தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் இருக்கிற குட்டிக் கொட்டகை தெரிந்தது. தம்பி ஈரத் தவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரையோ திட்டுகிற மாதிரி பன்றிகளிடம் பேசிக்கொண்டு போனான். அக்காவின் கண் அவன் மேலேயே நின்றது. ஸ்பீடு அதைப் பார்த்தார். குச்சியம்மாவும் பார்த்தாள்.

தம்பி இந்தப் பண்ணைக்காரன் இல்லை. வெல்டிங் பட்டறையில் நல்ல வேலையில் இருந்தவன். போன வருஷம் அக்காவுக்குப் பித்தப்பை உடைந்து உள்ளுக்குள்ளேயே சீழ் வைத்துவிட்டது. வயிற்றைத் திறந்து கழுவித் தைத்தார்கள். தைத்த இடம் ஆறாமல் மறுபடி திறந்தார்கள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றி, கடைசியில் எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பன்றிப் பண்ணையில் கனமில்லாத வேலை எது இருக்கிறது? பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் பட்டறைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி இங்கே வந்துவிட்டான். மூட்டை தூக்குவது, கழிவை அள்ளுவது, தாய்ப்பன்றியைப் புரட்டுவது எல்லாம் அவன் பாடு. அக்காவுக்கு விட்டது ஒரே ஒரு வேலை. பிறந்ததில் சவலையாக இருக்கிற குட்டிகளைப் பார்த்துக்கொள்வது. தாயின் மடியை மற்ற குட்டிகள் பிடித்துக்கொள்ளும், இதுகளுக்கு முட்டி மோதத் தெம்பிருக்காது. அக்கா அவற்றைப் பழைய துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொள்வாள். விரலைப் பாலில் தோய்த்து வாயில் வைப்பாள். சப்பத் தெரிந்த பிறகுதான் பாட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்புக்கு அந்தச் சூடு அவளுக்கும் வேண்டியிருந்தது.

குளிர் நாளில் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கூடை கூடையாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இங்கே ஒன்றுகூடச் சாகவில்லை. "என் தம்பி கைராசி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா சொல்லிப் பூரித்துப் போனாள்.

இப்போது அந்தக் கைராசிதான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தம்பியின் சிநேகிதன் ஒருவன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். அந்தக் குளிர் நாளில் அவன் இங்கே வந்துபோனது அவளுக்கு நினைவு வந்தது.

குச்சியம்மா போன பிறகு, மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பொரித்த முட்டையும் வெங்காயமும். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"உன் சிநேகிதன், அந்த மருந்துக்கடைக்காரன், அன்னிக்கு எதுக்கு வந்தான்?" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"எதுக்கு வருவான்? உன் கையால முட்ட திங்க வந்தான். அஞ்ச ஒரே மூச்சுல முழுங்கினானே."

"வெறுங்கையோடயா வந்தான்?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "வாழப்பழம் வாங்கிட்டு வந்தான். என்னக்கா, நேரா கேளு."

"குட்டிங்களுக்கு ஊசி போட்டியா?"

"இல்ல."

"கழிச்சல் கண்ட குட்டி ஒன்னுகூடச் சாகாம எழுந்துச்சே. எப்படி?"

"எப்படியா? வைக்கோல மாத்திக்கிட்டே இருந்தேன். ஈரம் பட விடல. சூட்டுக்கு விளக்கு கட்டினேன். உப்பும் சக்கரையும் கரச்சு வாயில ஊத்தினேன். நீ பக்கத்துலதான இருந்த? பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"நான் பாக்காத நேரம்?"

ஸ்பீடு, "விடேன்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

தம்பி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினான். தட்டையும் கழுவிக் கவிழ்த்தான். அது அக்காவை என்னவோ செய்தது. சாப்பிட்ட தட்டை ஒருநாளும் கழுவாதவன் அவன்.

"நான் பட்டறைய விட்டுட்டு வந்தது உன் பன்னிக்காக இல்ல. உனக்காக. பன்னி செத்தா சாவட்டும், அக்கா படுத்துடக் கூடாதுன்னு வந்தேன். நான் பாக்காத நேரம்னு சொல்ற பாரு. அப்படி ஒரு நேரம் இந்த வீட்ல எனக்கு இருந்துச்சா?"

"ஆய்வுக்கூடத்துல சொல்றாங்கடா. ஆஸ்பத்திரி மருந்துக்கே சாகாத கிருமி நம்ம குட்டிங்ககிட்ட இருக்காம். நீ அந்த மருந்தப் போடலேன்னா அது ஆகாசத்துலேர்ந்து குதிச்சுதா?"

"அது எனக்குத் தெரியாது. நான் போடல."

துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றான். அவ்வளவுதான் அவன் சொத்து அங்கே.

"மாப்ள, மழை கொட்டுது. விட்டதும் போயேன்" என்றார் ஸ்பீடு.

"நனஞ்சா ஒன்னும் ஆகாது மாமா. எனக்கும் அந்த மருந்து ஏறியிருக்கும்ல."

வாசலைத் தாண்டிப் போய்விட்டான். அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது.

அவன் போன பிறகு பண்ணை என்னவோ பெரிதாகிவிட்டது. அதே மூன்று கொட்டகைதான். ஆனால் தீனிக்கிடங்கிலிருந்து தொட்டி வரைக்கும் உள்ள தூரம் நீண்டுவிட்டது. ஸ்பீடு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவதற்குள் பன்றிகள் கம்பியைக் கடித்து வளைத்துவிடும். பொறுக்காமல் அக்காவே தூக்கினாள். முதல் மூட்டைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் தாய்ப்பன்றி ஒன்று குட்டி போட்டுவிட்டுத் தன் குட்டியின் மேலேயே சாயப் பார்த்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அண்டை கொடுத்துத் தள்ளினாள். வயிற்றில், தைத்த இடத்தில், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே கேட்டதா, உள்ளே மட்டும் கேட்டதா என்று தெரியவில்லை. குளிக்கும்போது பார்த்தால் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு முட்டையளவு புடைப்பு. அழுத்தினால் உள்ளே போனது. இருமினால் வெளியே வந்தது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கணவரிடம் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியதெல்லாம் அத்தாட்சி. குச்சியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மனுஷங்களையும் சோதிப்பீங்களாமே? எங்க எல்லாரையும் பாத்துடுங்க. முதல்ல அவனப் பாருங்க. அவன் கையில புழங்கியிருந்தா அவன்கிட்டயும் ஒட்டியிருக்கும்ல?"

"யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்லக்கா இது. எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியணும், அவ்வளவுதான். சம்மதம்னா எல்லாரும் குடுங்க."

மலம் எடுத்துக் கொடுக்க மூடி போட்ட சின்ன டப்பாக்கள் வந்தன. ஸ்பீடு தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்ன வாயி. இதுல குறி பாத்துப் போற வயசா எனக்கு?" என்றார். அந்த நாட்களில் அக்கா சிரித்தது அப்போது மட்டும்தான்.

தம்பி யாரையும் வீட்டுக்கு வர விடவில்லை. தானே நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் மேஜை மேல் டப்பாவை வைத்தானாம். "அந்தப் பண்ணையில ஊசி போட்டவனோடதுன்னு எழுதிக்குங்க" என்றானாம்.

முடிவைச் சொல்லக் குச்சியம்மா வந்தபோது நல்ல வெயில். ஸ்பீடு டீ போட்டிருந்தார். மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"தம்பிகிட்ட இல்லக்கா."

அக்கா டீ டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"ஐயாகிட்டயும் இல்ல. தீனியில இல்ல, கிணத்துத் தண்ணியில இல்ல. மத்த ரெண்டு கொட்டகையில இன்னிக்கு வரைக்கும் இல்ல."

"அப்ப எங்கதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அக்கா தானாகவே நிறுத்திக்கொண்டாள். டப்பா கொடுத்தது மூன்று பேர். அதில் இரண்டு பேரிடம் இல்லை என்றாகிவிட்டது.

குச்சியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயா?"

"ஆமாக்கா."

"எனக்கு ஒன்னும் இல்லையே. நல்லாத்தான இருக்கேன். காய்ச்சல் இல்ல, கழிச்சல் இல்ல. பசிக்குது, திங்கறேன்."

"ஒன்னும் பண்ணாதுக்கா. குடலுக்குள்ள சும்மா கெடக்கும். வருஷக்கணக்காகூட இருக்கலாம், தானா போனாலும் போயிடும். உங்ககிட்ட இருக்கறதும் குட்டிங்ககிட்ட இருக்கறதும் ஒன்னுதான். கூடப் பொறந்தது மாதிரி, அச்சு அசலா."

அக்காவின் மூளை வேலை செய்தது. மூழ்குகிறவள் கைக்கு எது கிடைக்கிறது என்று துழாவுகிற மாதிரி. "அதுங்ககிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கும். நான்தான அதுங்களோட கெடக்கறேன். பன்னிகிட்டேர்ந்துதான மனுஷனுக்கு வரும்?"

"வரும்தான். ஆனா அதுங்களுக்கு எங்கேர்ந்து வந்திருக்கும்? அந்த மருந்து அதுங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க எடுத்ததுல இது இல்ல. நீங்க வந்தப்புறம், நீங்க வேல செய்யற கொட்டகையில மட்டும் இருக்கு." நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கண்ணால பாத்த மாதிரி சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஆனா எனக்கு வேற வழி தெரியல. ஆஸ்பத்திரியில ஒட்டியிருக்கு. நெறய மருந்து ஏத்தற எடத்துலதான் மருந்துக்குச் சாகாதது பொழச்சுக் கெடக்கும்."

"நான் கை கழுவுவேனே" என்றாள் அக்கா. "குட்டியத் தொடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவுவேனே. இவரக் கேளுங்க. இவருகூடத் திட்டுவாரு, தோல் உரியற வரைக்கும் தேய்க்கறேன்னு."

"தெரியும்க்கா. நகக்கண்ணுல ஒரு துளி போதும்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். ஆட்காட்டி விரல். பாலில் தோய்த்து ஒவ்வொரு வாயாக வைத்த விரல். சவலைக் குட்டிகளின் நாக்கு எப்படி முதலில் தயங்கி, பிறகு சுற்றிப் பிடித்து இழுக்கும் என்பது அந்த விரலுக்குத் தெரியும். தூக்கிவாரிப் போட்டதைப் போல் கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் ஸ்பீடு தன் டீ டம்ளரை நகர்த்தினார். அவருடைய டம்ளரும் அவளுடையதும் ஒட்டி இருந்தன. ஒரு சாண் தூரம் தன் பக்கம் இழுத்தார். வாழ்நாளில் எதையும் வேகமாகச் செய்யாத மனிதர், அதை மட்டும் வெடுக்கென்று செய்தார்.

செய்துவிட்டு அவரே திகைத்துப் போனார்.

"ஈ..." என்றார். "ஈ வந்து உக்காரப் பாத்துச்சு."

"ம்" என்றாள் அக்கா.

கிருமி இருக்கிறது என்று கேட்டபோதுகூட அவளுக்கு அப்படி ஆகவில்லை. இப்போது காது அடைத்துக்கொண்டது. குச்சியம்மா சொன்னதெல்லாம் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. பயப்பட வேண்டாம். சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து இருக்கலாம். கழிப்பறைக்குப் போய்வந்தால் நன்றாகக் கழுவ வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போனவுடனே இதைச் சொல்லிவிட வேண்டும். அது முக்கியம். குட்டிக் கொட்டகையைக் காலி பண்ணிக் கழுவி, காய வைத்து, கொஞ்ச காலம் சும்மா போடுவது நல்லது. கட்டாயம் இல்லை. ஆனால் நல்லது.

"காலி பண்ணிடுவோம்" என்றாள் அக்கா. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

மூடிய வண்டி வந்து தாய்களையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. கிருமியை இன்னொரு பண்ணைக்கு அனுப்ப அக்காவுக்கு மனமில்லை என்பதால் விற்கவில்லை. அடித்துப் புதைப்பதற்கு. அக்கா கிட்டே போகவில்லை. தீனிக்கிடங்கு வாசலில் நின்றாள். "ஹோய், ஹோய்" என்று ஸ்பீடு விரட்டிய சத்தத்துக்கு எல்லாம் ஏறின. அவள் கையால் வளர்ந்த ஒன்று மட்டும் ஏறாமல் திரும்பி, மூக்கை உயர்த்தி, அவள் நின்ற பக்கம் பார்த்து மோப்பம் பிடித்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, நன்றாகத் தின்றுகொண்டிருந்த பன்றிகள்.

மறுநாள் பட்டறைக்குப் போனாள்.

தம்பி ஒரு இரும்புக் கேட்டின் முன் குந்தியிருந்தான். முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டான். பொறி பறந்தது. அந்தப் பற்றவைப்பு முடிகிற வரை அவள் நின்றாள்.

"என்னா?"

"உன்கிட்ட இல்லன்னு வந்துடுச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்கிட்டதான் இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தான் கொண்டு வந்திருக்கேன். நான்தான் குட்டிங்க வாயில வெச்சிருக்கேன். கொட்டகையவே அனுப்பிட்டோம்."

முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். புகையில் சிவந்த கண் இன்னும் சிவந்தது. "உனக்கு என்னாகும்?"

"ஒன்னும் ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"குச்சியம்மாதான்."

தம்பி கையுறையைக் கழற்றி முகமூடிக்குப் பக்கத்தில் வைத்தான். அவள், "என்ன மன்னிச்சுடு" என்று சொல்லத்தான் வந்தாள். வாய் வரவில்லை. "வீட்டுக்கு வாடா" என்றாள் அதற்குப் பதிலாக.

"வர மாட்டேன்க்கா." சட்டென்று சொன்னான். "கோவத்துல சொல்லல. அதெல்லாம் ஆறிப்போச்சு. ஆனா அந்த வீட்ல இனிமே ஒரு மூட்டைய எடுத்தாகூட, இவ பாக்கறாளா பாக்கலையான்னு நெனப்பேன். என்னால முடியாது."

அவள் தலையாட்டினாள். போகத் திரும்பியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அது? ஏன் அப்படிப் புடிச்சுக்கற?"

"ஒன்னுமில்ல."

"மூட்ட தூக்கினியா?"

"வேற யாரு தூக்குவா?"

பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினான். அறிவிருக்கா என்றான், சாகணுமா என்றான், மாமா என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு என்றான். கத்திக்கொண்டே கையைத் துடைத்து, சட்டையை மாட்டி, முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அதே ஆஸ்பத்திரிதான். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்தையல் விட்டுப்போயிருக்கிறது, குடல் பிதுங்குகிறது, தள்ளிப்போட முடியாது, இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள் என்றார். வார்டு வாசலில் ஒரு நர்ஸ் உட்கார வைத்து விவரம் கேட்டாள். சின்னப் பெண். வேலை நெரிசலில் முகம் வெளுத்திருந்தது. வயது, எடை, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அக்கா சொன்னாள். குச்சியம்மா சொல்லிக்கொடுத்தபடி, கிருமியின் பேரோடு, எந்த மருந்துக்குச் சாகாது என்பதோடு சொன்னாள்.

நர்ஸின் பேனா நின்றது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். "என்ன தொழில் பண்றீங்க?"

"பன்னிப் பண்ண."

"அதானே பாத்தேன்." அவள் முகத்தில் எல்லாம் புரிந்துவிட்ட தெளிவு. "பன்னிங்ககிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சா?"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினாள்.

"இல்லம்மா. பன்னிங்களுக்கு நான் குடுத்தேன்."

"என்னது? அப்ப உங்களுக்கு எங்க?"

"இங்கதான்" என்றாள் அக்கா. "போன வருஷம். இதே வார்டு. ஜன்னல் ஓரத்துல மூணாவது கட்டில்."

நர்ஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். மூன்றாவது கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். தலைமாட்டில் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் மகளோ யாரோ உட்கார்ந்து, ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.